லண்டன் முழுக்கச் செவ்வாய்

ஜெயகௌரிக்குக் காத்திருக்கத் தெரியாது. கேத்திலில் தண்ணீர் கொதிக்க முன்னமே ஊற்றிவிட்டு, சாயம் இறங்கவில்லை என்று தேயிலைக் கொம்பனியைத் திட்டுகிற மனுசி அவர். வீதி கடக்கிற விளக்குக்குப் பட்டனை ஒரு தரம் அமுக்கினால் போதும் என்று மகள் மேனுஷா எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! கேட்கிற ஆளா? ஏழெட்டுத் தரம் அமுக்குவார். அப்படியும் பச்சை விழாவிட்டால் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவேன் என்பார். இரண்டு தரம் எழுதியும் இருக்கிறார்.

வேலை விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பகுதியில். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலைக்கென்றே பிறந்தவர். பெட்டி தொலைந்தவர் தன் கவலையைச் சொல்லி முடிக்க முன்னமே, அந்தப் பெட்டி எந்த நாட்டில் நிற்கிறது, எந்தப் பிளேனில் வரும் என்றெல்லாம் சொல்லி ஆளை அனுப்பிவிடுவார். ஆறுதல் வார்த்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பிறந்தது சாவகச்சேரி. எண்பத்தேழில் ஜெர்மனிக்குப் போய், உணவகமொன்றில் கோப்பை கழுவி, அங்கேயே பிரதாபனைப் பதிவுத் திருமணம் செய்து, வேலையில்லாதவர்களுக்கென்று அரசாங்கம் நடத்திய கணினி வகுப்பில் சேர்ந்தார். ஜெர்மன் மொழியில் படித்து, ஆங்கிலத்தில் புரோகிராம் எழுதி, அது பிழைவிட்டால் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். இரண்டாயிரத்து ஐந்தில் கணவனையும் மகளையும் இழுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் வீடு எடுத்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், ஜெர்மனியில் எல்லாம் ஆறுதலாக நடக்குது என்பார். லண்டனில் என்ன அவசரமாக நடக்கிறது என்று திருப்பிக் கேட்க இன்றுவரை ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

வந்த அடுத்த வருடமே கிங்ஸ்பரி பாமா அக்கா அவரைக் கண்டுபிடித்துவிட்டார். பாமா தன் வீட்டு முன்னறையில் கலியாணப் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறவர். லண்டன் தமிழரில் பாதிப்பேரின் சாதகக் குறிப்பு ஊரில் எரிந்தும் தொலைந்தும் போய்விட்டது. மிச்சமிருப்பது பிறந்த திகதியும் நேரமும் மட்டும்தான். அதைக் கொடுத்தால் குறிப்பைக் கணித்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்ல ஒரு புரோகிராம் வேண்டும் என்றார் பாமா. ஜெயகௌரி எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை, பொம்பிளை இருவரின் விபரத்தையும் இணையத்தில் போட்டு ஒரு பட்டனை அமுக்கினால், பத்துப் பொருத்தமும் பார்த்து, கடைசியில் செவ்வாய்க் குற்றமும் பார்த்துச் சொல்லும்.

அந்தக் கடைசி வரியில்தான் ஆட்கள் தடக்கி விழுவார்கள். இருவருக்கும் செவ்வாய் இருந்தால் சரி. இருவருக்கும் இல்லாவிட்டாலும் சரி. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாவிட்டால், இல்லாதவரின் உயிருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. மற்றப் பொருத்தங்கள் எத்தனை இருந்தென்ன, அந்த ஒரு வரியைக் கண்டதும் தாய்மார் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

"என்ர புரோகிராம் பொய் சொல்லாது" என்பது ஜெயகௌரியின் பெருமை. அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. சொந்த மகளுக்கே அது ஏழு வருடமாக 'பொருத்தம் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மேனுஷாவுக்கு எட்டாம் வீட்டில் செவ்வாய். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை, நல்ல குணம், வாய் நிறையச் சிரிப்பு, எல்லாம் இருந்தும் முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. அவளுக்கு அதில் துளி நம்பிக்கையும் இல்லை. ஆனால் அவளுக்குப் பிடித்துப்போன இரண்டு பேரின் தாய்மாருக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டாவது தரம் அவள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுததை ஜெயகௌரி மாடிப்படியில் நின்று கேட்டார். கேட்டும் என்ன, புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்!

போன வருடம் பாமா ஒரு குறை சொன்னார்.

"கௌரி, உம்மட மெஷின் சரியான ஸ்லோ. சனம் போனைக் கையில வைச்சுக்கொண்டு கொட்டாவி விடுது."

ஒன்பது செக்கன். ஜெயகௌரி எண்ணிப் பார்த்தார். ஒன்பது செக்கன்! அன்றைக்கு முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். பழைய முறையில், ஒருவர் பட்டனை அமுக்கியதும் சேர்வர் இந்தப் புரோகிராமைப் புதிதாக எழுப்பும். அது எழும்பி, நூற்றைம்பது வருடக் கிரக நிலைகளை முதலிலிருந்து வாசித்து, அந்த ஒரு சோடிக்கு விடை சொல்லிவிட்டுச் செத்துப்போகும். அடுத்தவர் அமுக்கினால் திரும்பப் பிறந்து, திரும்ப வாசிக்கும். ஒரு கோப்பை பிளேன்ரீ விற்பதற்காகக் கடையைக் கட்டி, அடுப்பு மூட்டி, விற்று முடிந்ததும் கடையையே இடித்துவிடுகிற மாதிரி.

இதற்கென்றே சேர்வரோடு சேர்த்துப் பூட்டுகிற ஒரு மொடியூல் இருக்கிறது. அதைப் பூட்டினால் புரோகிராம் சாகாது. ஒரு தரம் எழும்பி, வாசிக்க வேண்டியதை வாசித்துவிட்டு, அடுப்பு அணையாமல் வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறிக்கொண்டே நிற்கும். அந்த மொடியூலுக்கான விளக்கக் குறிப்பு பன்னிரண்டு பக்கம். ஜெயகௌரி இரண்டு பக்கம் வாசித்தார். முன்னே வந்தவர் விட்டுப்போனதைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அவருக்கு எங்கே பொறுமை! பூட்டினார். ஒருபோதும் மூடாதே என்று கட்டளையும் போட்டார். வழக்கம்போல மேனுஷாவின் பிறந்த விபரத்தைப் போட்டுச் சோதித்தார். அரைச் செக்கனில் 'செவ்வாய் உண்டு' என்று வந்தது. சரியான விடை! எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தார்.

பாமாவுக்குப் பிடித்த யோகத்தைக் கேட்க வேண்டுமா? அடுத்த பதினொரு கிழமை கிங்ஸ்பரியில் ஒரே கலியாணப் பேச்சு. வருடக்கணக்காக ஒன்றும் சரிவராமல் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் சம்பந்தம் பொருந்தியது. மேனுஷாவுக்கும் பொருந்தியது. விம்பிள்டனில் இருக்கிற செல்வமலரின் மகன் சுஜீத், ரெயில்வேயில் என்ஜினியர். இருவருக்கும் செவ்வாய், பொருத்தம் உத்தமம். பிள்ளைகள் இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கடையில் சந்தித்தன. ஒரு கோப்பி குடிக்கப் போனவர்கள் கடை மூடும்வரை எழும்பவில்லை. அதற்குப் பிறகு மேனுஷா குளிக்கும்போது பாடத் தொடங்கினாள். குரல் சகிக்காது. ஜெயகௌரி குளியலறைக்கு வெளியே துவாய் மடிக்கிற சாட்டில் நின்று முழுப் பாட்டையும் கேட்பார். ஆவணியில் கலியாணம் என்று நாளும் வைத்தாயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை, ஜெயகௌரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பாமா தொலைபேசியில் வந்தார்.

"உம்மட மெஷின்ர வாய்க்குச் சீனிதான் போடவேணும், கௌரி. பதினொரு கிழமையாச் செவ்வாயால பொருந்தேல்லை எண்டு ஒருத்தருக்கும் வரேல்லை."

"ஒருத்தருக்கும் வரேல்லையோ?"

"ஒருத்தருக்கும் இல்லை. இந்த வருசம் கிரகங்கள் நல்ல இடத்தில நிக்குது போல."

பாமாவின் சாத்திர அறிவு அவ்வளவுதான். பிறந்த நேரத்துக் கிரகம் இந்த வருடம் எங்கே இடம் மாறப்போகிறது? ஜெயகௌரி தொலைபேசியை வைத்தார். வெங்காயத்தைப் போட்டது போட்டபடி மேசைக்குப் போய், வாயில் வந்த பத்துப் பிறந்த திகதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பத்துக்கும் 'செவ்வாய் உண்டு' என்று வந்தது. நூறு வருடத்துக்கு முந்திய ஒரு திகதியைப் போட்டார். அந்த ஆளுக்கும் செவ்வாய்.

பிழையைப் பிடிக்க ஏழு நிமிடம் ஆனது. 'செவ்வாய் இருந்தால் ஒன்று என்று குறி' என்று இருபது வருடத்துக்கு முன் எழுதியிருந்தார். 'இல்லாவிட்டால் பூச்சியம் என்று குறி' என்று எழுதவில்லை. எழுதத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு தரமும் செத்துப் பிறக்கிற புரோகிராமுக்குப் பிறக்கும்போதே பூச்சியம்தானே. இப்போது அது சாவதில்லை. யாரோ ஒருவருக்கு ஒன்று என்று குறித்தது, அழிக்க ஆளில்லாமல், பின்னால் வந்த அத்தனை பேருக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லாருக்கும் செவ்வாய் என்றால் பிறகு யாருக்குப் பொருந்தாது?

அந்த யாரோ ஒருவர் யார் என்று பதிவேட்டில் பார்த்தார். முதல் வரியிலேயே மேனுஷாவின் பிறந்த திகதி நின்றது. அவர் கையாலேயே போட்டுச் சோதித்தது. சொந்த மகளின் செவ்வாய்தான் பதினொரு கிழமையாக லண்டன் முழுக்கத் திரிந்திருக்கிறது!

புரோகிராமை நிறுத்தி, திருத்தி, சுஜீத்தின் விபரத்தைப் போட்டார். 'செவ்வாய் இல்லை' என்றது. மேனுஷாவோடு சேர்த்துப் பார்த்தார். 'பொருத்தம் இல்லை' என்றது. அதுவும் அரைச் செக்கனில்.

அன்றைக்குப் பின்னேரமே பாமாவிடம் விசயத்தைச் சொன்னார்.

"ஐயையோ! நீர் என்னை நடுத்தெருவில விட்டிட்டீர்" என்று பாமா தலையில் கை வைத்தார். ஆனாலும் நல்ல மனுசி, ஒளிக்கச் சொல்லவில்லை. நூற்று முப்பத்தெட்டுச் சோடிக்குத் திருத்திய முடிவு போகவேண்டியிருந்தது. சிலர் பாமாவைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். பலர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சம்பந்தம் குழம்பியது. மூன்றிலும் பெண்பிள்ளைக்குத்தான் செவ்வாய். அதைக் கேட்ட அன்று ஜெயகௌரிக்குச் சோறு இறங்கவில்லை.

நூற்று முப்பத்தேழு சோடிக்குக் கடிதம் போனது. ஒன்று மட்டும் போகவில்லை. அந்தக் கடிதம் ஜெயகௌரியின் கைப்பையில் இருந்தது. ஒன்பது செக்கன் பொறுக்காதவர் ஒன்பது நாள் அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தார். முதலில் செல்வமலருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதால் போகவில்லையாம். பிறகு மழையாம். பிறகு ரெயில் ஸ்ட்ரைக்காம். அவர் பஸ்ஸில் போகிறவர், ரெயில் ஸ்ட்ரைக் அவருக்கு என்ன செய்தது என்று கேட்காதீர்கள். குளியலறையில் பாட்டு நடந்துகொண்டே இருந்தது. கடிதத்தைக் கொடுத்தால் அந்தப் பாட்டு நின்றுபோகலாம். கொடுக்காவிட்டால், மற்ற மூன்று பிள்ளைகளின் கலியாணத்தைக் குழப்பிவிட்டுத் தன் பிள்ளையின் கலியாணத்தை மட்டும் ஒளித்து நடத்தியதாகிவிடும்.

பத்தாம் நாள் புறப்பட்டார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பிரதாபன் கேட்டும் வேண்டாம் என்றார். 281 பஸ்ஸில் ஏறிக் கிங்ஸ்டன் போய், அங்கிருந்து 57 பிடித்தார். அத்தனை தரிப்பிலும் நின்று நின்று போகிற பஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவருக்கு வேகமாகப் போனதுபோல் இருந்தது.

செல்வமலர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர், ஜெயகௌரியை விட நாலு வயது மூப்பு. கணவர் காலமாகி இருபது வருடம். ஒரே மகன். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கூட்டிப்போய் இருத்தி, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்.

"கலியாண மண்டப விசயமா வந்தனீங்களோ, தங்கச்சி?"

"இல்லை அக்கா. என்ர புரோகிராம் பிழை விட்டிட்டுது. உங்கட மகனுக்குச் செவ்வாய் இல்லை. என்ர பிள்ளைக்கு இருக்கு. எட்டில."

கடிதத்தை நீட்டினார். செல்வமலர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதலிலிருந்து திரும்பவும் வாசித்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெயகௌரி கதிரை நுனியில் வாய் திறக்காமல் இருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் அம்புலன்ஸுக்கு அடித்திருப்பார்கள்.

"எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பொடியன்" என்றார் செல்வமலர் கடைசியில். "உங்கட பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனால் எனக்குப் பயமாக் கிடக்கு, தங்கச்சி. மறைச்சு என்ன, சரியான பயமாக் கிடக்கு."

ஜெயகௌரிக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் அவருக்குப் புதிதும் இல்லை.

"அக்கா, ஒண்டு சொல்லுறன். இது எங்கட வீட்டில இவருக்கும் தெரியாது" என்றார். "இந்தப் புரோகிராமை எழுதின அண்டைக்கு முதல் முதல் எங்கட ரெண்டு பேரின்ர விபரத்தையும்தான் போட்டுப் பாத்தனான். ஜெர்மனியில பதிஞ்சு கட்டினது. அப்ப ஆரிட்டக் குறிப்பு இருந்தது? எனக்கு எட்டில செவ்வாய். இவருக்கு இல்லை. பொருத்தம் இல்லை எண்டு வந்தது. புரோகிராம்தான் பிழை எண்டு மூண்டு கிழமை வரி வரியாத் தேடினன். பிழை இல்லை. சரியாத்தான் சொல்லியிருந்தது."

செல்வமலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயமில்லாமல்? இதெல்லாம் நம்பிறேல்லை எண்டு வெளியில வாய் கிழியக் கதைப்பன். இவர் ரெண்டு தரம் இருமினால் போனைத் தூக்கி டொக்டருக்கு அடிச்சுப்போடுவன். பிரஷர் பாருங்கோ, சீனி பாருங்கோ, நெஞ்சைப் பாருங்கோ எண்டு வருசத்துக்கு அஞ்சாறு தரம். அங்க போன் எடுக்கிற பிள்ளை என்ர குரல் கேட்டாலே பேர் கேக்கிறேல்லை. இவர் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறார் தெரியுமோ? தன்னில எனக்கு அவ்வளவு உருக்கமாம். சொந்தக்காரர் எல்லாரிட்டயும் சொல்லிப் பெருமையடிக்கிறார்."

செல்வமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயகௌரியும் சிரித்தார், கண் கலங்கிக்கொண்டே.

"உருக்கமும்தான்" என்றார். "அப்பிடி ஒருக்கா இழுத்துக்கொண்டு போன இடத்திலதான் நெஞ்சுக் குழாயில அடைப்பு எண்டு கண்டுபிடிச்சவை. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் ஆளே இல்லை எண்டு டொக்டர் சொன்னவர். பதினாலு வருசமாச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கிறார். முப்பத்தஞ்சு வருசமும் இருந்திட்டம், அக்கா."

செல்வமலரின் சிரிப்பு நின்றது. மடியில் இருந்த கடிதத்தை விரலால் நீவினார்.

"எங்களுக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம்" என்றார். "கைதடியில பேர்போன சாத்திரியார் பாத்தவர். தீர்க்க சுமங்கலி எண்டு எழுதியே தந்தவர். நாலு நாளா நெஞ்சுக்க என்னவோ செய்யுது எண்டு என்ர மனுசன் சொன்னவர். வாயுவா இருக்கும் எண்டு உள்ளிப்பூண்டு அவிச்சுக் குடுத்தன். இவ்வளவு பொருத்தம் இருக்கேக்க எனக்கு முன்னம் போவாரோ எண்டு நான் பேசாமல் இருந்திட்டன்."

ஜெயகௌரி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணியை இருவரும் குடிக்கவில்லை.

பிறகு செல்வமலர் கடிதத்தை நாலாய் எட்டாய் மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஆவணியில வைச்ச நாள் வைச்ச நாள்தான். மேனுஷாவிட்ட மட்டும் ஒண்டு சொல்லிவிடுங்கோ, தங்கச்சி. பொடியன் எங்கயாவது நோகுது எண்டால், ஒண்டும் இல்லை எண்டு விடவேண்டாம். உங்களை மாதிரி உடனை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் அக்கா" என்றார் ஜெயகௌரி.